பங்கு வர்த்தக ஆப் புதிய தோற்றத்துக்கு மாறிவிட்டதா? அடுத்த ஆர்டர் போடும் முன் இதைப் படியுங்கள்

சிங்கப்பூரில் நம்மில் நிறையப் பேர் வைத்திருக்கும் ஒரு புரோக்கர் ஆப் அண்மையில் அடியோடு மாற்றியமைக்கப்பட்டது. அந்த மாற்றத்தால் எனக்குப் பணம் போனது. என் மாமாவுக்குப் போக இருந்தது, நல்லவேளை தப்பித்தார். புகார் இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. ஆனால் இப்போது ஆளாளுக்கு ஆப்பைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கணக்கு யாரிடம் இருந்தாலும் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

பழைய ஆப் பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும். சாம்பல் நிறப் பின்னணி, நெருக்கியடித்த எண்கள். ஆனால் ஆர்டர் போடும் இடத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. எந்தப் பங்கு, வாங்கலா விற்றலா, எத்தனை, என்ன விலை, லிமிட்டா மார்க்கெட்டா, கமிஷன், அதன் மேல் 9% ஜிஎஸ்டி, மொத்தம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரு தனிப் பக்கத்தில் காட்டி, உறுதிசெய் என்று கேட்கும். அதை அழுத்தினால்தான் ஆர்டர் போகும்.

புதிய ஆப்பில் அந்தப் பக்கமே இல்லை. அடியில் ஒரு பட்டை இருக்கிறது, அதை வலது பக்கமாக இழுத்தால் ஆர்டர் போய்விடும். "மூன்றே நொடியில் வர்த்தகம்" என்று அப்டேட் வந்த அன்று விளம்பரம் வேறு.

நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் ஒரு சிறிய அமெரிக்க நிறுவனத்தின் 60 பங்குகள் இருந்தன. தினமும் பெரிய அளவில் கைமாறாத பங்கு. அமெரிக்காவில் கோடை நேரம் நடக்கும்போது அங்கே சந்தை திறப்பது நமக்கு இரவு 9:30 மணி. மார்ச் வரைக்குமான குளிர்காலத்தில் 10:30. திறந்த முதல் சில நிமிடங்களில் இந்த மாதிரிப் பங்குகளுக்கு வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் பெரிய இடைவெளி இருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால்தான் எப்போதும் லிமிட் ஆர்டர் போடுவேன். நான் சொல்லும் விலைக்குக் கீழே விற்காதே என்பதுதான் லிமிட். கிடைக்கிற விலைக்குத் தள்ளிவிடு என்பது மார்க்கெட்.

அன்றைக்கும் லிமிட்டைத் தேர்ந்தெடுத்தேன். விலை 41.50 டாலர் என்று அடித்தேன். அடுத்து எண்ணிக்கைக்குக் கீழே இருந்த "அனைத்தும்" என்ற பொத்தானைத் தொட்டேன், 60 என்று வந்தது. பட்டையை இழுத்தேன். அடுத்த நொடியே விற்றுவிட்டதாகத் தகவல் வந்தது, விலை 37.20. பங்குக்கு 4.30 டாலர் குறைவு, மொத்தம் 258 அமெரிக்க டாலர். கால் மணி நேரத்துக்குள் அதே பங்கு 41 டாலருக்கு மேல் வந்துவிட்டது.

எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க அதே பக்கத்தைத் திரும்பத் திறந்து, கைப்பேசியில் திரையைப் பதிவுசெய்துகொண்டே, ஆர்டரை அனுப்பாமல் ஒவ்வொரு படியாகச் செய்து பார்த்தேன். "அனைத்தும்" பொத்தானைத் தொட்டவுடன் திரை ஒருமுறை சிமிட்டுகிறது. அந்தச் சிமிட்டலில் ஆர்டர் வகை லிமிட்டிலிருந்து மார்க்கெட்டுக்குத் தானாக மாறிவிடுகிறது. அது எழுதியிருக்கும் இடம் வலது மேல் மூலை, வெளிர் சாம்பல் நிறம், எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. கொடுமை என்னவென்றால், நான் அடித்த 41.50 அழியாமல் அதே கட்டத்திலேயே நிற்கிறது. கறுப்பு எழுத்து சாம்பலாகிறது, அவ்வளவுதான். அந்த எண்ணைப் பார்க்கும் யாரும் அந்த விலைக்குத்தான் விற்கப்போகிறோம் என்றுதான் நினைப்பார்கள். உறுதிசெய்யும் பக்கம் இருந்திருந்தால் "மார்க்கெட்" என்ற வார்த்தை முகத்துக்கு நேரே வந்திருக்கும். அதைத்தான் வேகம் என்ற பெயரில் எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய ஆப்பில் விற்ற பணம் அமெரிக்க டாலராகவே கணக்கில் இருக்கும். புதிய ஆப்பில் அதைத் தானாகச் சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றும் வசதி, கேட்காமலே இயக்கப்பட்டிருந்தது. மாற்று விகிதத்தில் அங்கேயும் கொஞ்சம் கடித்துக்கொண்டார்கள்.

இனி மாமா கதை. மாமா ஈசூனில் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். உள்ளூர்ப் பங்குகள் மட்டும்தான் வைத்திருக்கிறார், ஈவுத்தொகைக்காக. அப்டேட் வந்த வாரம் எனக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, என்னாச்சு? ஒரே சிவப்பா இருக்கே. எல்லாம் விழுந்துடுச்சா? வித்துடட்டுமா?"

"இருங்க மாமா, எதையும் தொடாதீங்க. இங்க எனக்கு எல்லாம் ஏறித்தான் இருக்கு."

நேரில் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. சீனா, ஜப்பான், தைவான் சந்தைகளில் விலை ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை. நமக்கும் அமெரிக்காவுக்கும் அதற்கு நேர் எதிர். இரண்டு வழக்கமும் தெரிந்த வாடிக்கையாளர்கள் இங்கே இருப்பதால் ஆப்பில் இதை மாற்றிக்கொள்ளும் அமைப்பு உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் மாமா எப்போதோ தேர்ந்தெடுத்து வைத்திருந்ததை அப்டேட் கலைத்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருடக்கணக்காகப் பச்சையைப் பார்த்தால் நிம்மதி, சிவப்பைப் பார்த்தால் கவலை என்று பழகிய ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! சிவப்பு, பச்சை இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பழைய ஆப்பில் மேல் அம்பு, கீழ் அம்பு இருந்தன. புதியதில் அழகுக்காக அதையும் எடுத்துவிட்டார்கள்.

மாமா கண் பார்வைக்காகக் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். புதிய வடிவமைப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. சிங்கப்பூர் பங்குச் சந்தையில் 20 காசிலிருந்து ஒரு வெள்ளிக்குள் இருக்கும் பங்குகள் அரைக் காசு அரைக் காசாகத்தான் நகரும். 0.980, 0.985, 0.990 என்று மூன்றாவது இலக்கம் அங்கே முக்கியம். மாமா திரையில் தெரிந்தது "0.9" என்பதும் அதற்குப் பின் மூன்று புள்ளிகளும்தான். என்ன விலை என்று தெரியாமல் எப்படி ஆர்டர் போடுவது?

மாமா அப்போது ஒன்று சொன்னார். ஆப் எல்லாம் வருவதற்கு முன் அவர் ரெமிசியருக்கு, அதாவது கமிஷனுக்கு ஆர்டர் போட்டுத்தரும் பங்குத் தரகருக்கு, போன் செய்துதான் வாங்குவார், விற்பார். அந்த ரெமிசியர் ஆர்டரைக் கேட்டுக்கொண்டதும் அப்படியே திருப்பிச் சொல்வாராம்: இந்தப் பங்கு, இத்தனை லாட் (பங்குகளின் கட்டு), இந்த விலை, விற்கிறோம், சரிதானே? மாமா "சரி" என்ற பிறகுதான் ஆர்டர் போகும். நான் கேட்பதும் அந்த ஒரு வரியைத்தான். பெட்டி பெட்டியாக எச்சரிக்கை வேண்டும் என்று கேட்கவில்லை. எச்சரிக்கை பெருகினாலும் ஆபத்துதான். 2022 மே 2ஆம் தேதி லண்டனில் சிட்டி குரூப் வங்கியின் வர்த்தகர் ஒருவர் 58 மில்லியன் டாலர் மதிப்புக்கு விற்க நினைத்து, அந்த எண்ணை மதிப்புக்கான கட்டத்தில் போடாமல் எண்ணிக்கைக்கான கட்டத்தில் போட்டுவிட்டார். 444 பில்லியன் டாலர் ஆர்டர் உருவானது. திரையில் 711 எச்சரிக்கைகள் எழுந்தன, முதல் 18 வரிதான் கண்ணுக்குத் தெரிந்தது. மீதியைப் படிக்காமலேயே தாண்டிப் போக முடிந்தது. பெரும்பகுதி தடுக்கப்பட்டும் 1.4 பில்லியன் டாலர் பங்குகள் விற்றுப்போயின. 2024இல் பிரிட்டிஷ் கட்டுப்பாட்டாளர்கள் மொத்தம் 61.6 மில்லியன் பவுண்டு அபராதம் போட்டார்கள். தொழிலே அதுவாக இருப்பவருக்கே இந்த நிலை என்றால், வேலை முடிந்து வந்து இரவில் கைப்பேசியில் தட்டும் நம் கதி என்ன? (புதிய ஆப்பில் அமெரிக்கப் பங்குகளுக்கு எண்ணிக்கை, டாலர் தொகை இரண்டுக்கும் ஒரே கட்டம்தான். பக்கத்தில் ஒரு சின்னக் குறியை மாற்றினால் அர்த்தம் மாறிவிடும். அதையும் கவனியுங்கள்.)

திரையில் என்ன காட்டுகிறோம் என்பதற்கு நிறுவனம்தான் பொறுப்பு. அமெரிக்காவில் 2020 ஜூனில் 20 வயது மாணவர் ஒருவர், ராபின்ஹுட் என்ற பங்கு வர்த்தக ஆப் தன் கணக்கில் 7,30,000 டாலர் பற்றாக்குறை என்று காட்டியதைப் பார்த்து உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு, அங்கே பங்குத் தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பு அந்த நிறுவனத்துக்கு 57 மில்லியன் டாலர் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர்களுக்குத் தவறான இருப்புத் தொகையைக் காட்டியது அதற்கான காரணங்களில் ஒன்று. ஆகவே "வெறும் டிசைன்தானே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, வாடிக்கையாளர் சேவை. முதலில் ரோபோ பதில். லிமிட் ஆர்டர் என்றால் என்ன என்று எனக்கே பாடம் எடுத்தது. மனிதர் ஒருவர் வர நெடுநேரமானது. வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்குக் குறையில்லை. திரைப் பதிவை அனுப்பினேன், மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். கடைசியில் மின்னஞ்சல் வந்தது: ஆர்டர் வகை திரையில் காட்டப்பட்டிருந்தது, ஆர்டரைச் சரிபார்ப்பது வாடிக்கையாளர் பொறுப்பு என்று விதிமுறையில் இருக்கிறது, எனவே இழப்பீடு இல்லை. நல்லெண்ண அடிப்படையில் கமிஷன் தள்ளுபடி கூப்பன் மட்டும் தந்தார்கள். அதைப் பயன்படுத்த வேண்டும் என்றால் 30 நாளுக்குள் அவர்களிடமே இன்னும் வர்த்தகம் செய்ய வேண்டும்!

அதற்கு அடுத்து வந்த அப்டேட்டை உடனே சோதித்துப் பார்த்தேன். இப்போது "அனைத்தும்" பொத்தானைத் தொட்டால் லிமிட் லிமிட்டாகவே இருக்கிறது. அப்டேட் குறிப்பில் எழுதியிருந்தது "சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்று மட்டும். பிழை என்று அவர்களே திருத்திவிட்டு, என்னிடம் மட்டும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். உறுதிசெய்யும் பக்கம் இன்னும் திரும்பவில்லை. அமைப்புகளுக்குள் நான்கு அடுக்கு உள்ளே போனால் "ஆர்டருக்கு முன் மறுஉறுதி" என்று ஒன்று இருக்கிறது, முடக்கப்பட்ட நிலையில். உங்கள் ஆப்பிலும் அப்படி ஒன்று இருக்கலாம். தேடி இயக்கிவிடுங்கள், இன்றைக்கே.

வர்த்தக ஆப்களுக்கு மட்டும் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவையுங்கள். எப்போது மாறுகிறது என்பதாவது நமக்குத் தெரியும். மாறிய பிறகு, சந்தை மூடியிருக்கும் நேரத்தில் நடப்பு விலைக்கு வெகு கீழே ஒரு சிறிய லிமிட் ஆர்டர் வாங்குவதற்குப் போட்டு, ஆர்டர் பட்டியலில் அது லிமிட் என்றே பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரத்து செய்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டு வைத்த ஸ்டாப் லாஸ் (விலை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஆர்டர்), விலை எச்சரிக்கைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விலைகள் நேரலையா, 15 நிமிடம் பிந்தியவையா என்ற குறிப்பையும் தேடுங்கள். எங்கள் ஆப்பில் அது ஒரு கடிகாரச் சின்னமாகச் சுருங்கிவிட்டது. வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தினால் அவர்கள் கைப்பேசியை வாங்கி, அவர்கள் வைத்திருக்கும் எழுத்து அளவிலேயே பாருங்கள். நம் கைப்பேசியில் நன்றாகத் தெரிவது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

"புதிய ஆப் வந்துவிட்டது, இங்கே தட்டி இறக்கிக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ இணைப்பு வந்தால் தொடவே வேண்டாம். ஆப் ஸ்டோரில் மட்டும் அப்டேட் செய்யுங்கள். சந்தேகம் என்றால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம்.

ஏற்கெனவே அடி வாங்கியவர்களுக்கு: முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து, அவர்களுடைய இறுதிப் பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். சிங்கப்பூர் நாணய ஆணையம் தனிப்பட்ட சச்சரவுகளில் தீர்ப்பு சொல்லாது. அதற்கென்று இருப்பது ஃபிட்ரெக் அமைப்பு. இறுதிப் பதில் கிடைத்த 6 மாதத்துக்குள் அங்கே போக வேண்டும். முதலில் சமரசப் பேச்சு, அதில் முடியாவிட்டால்தான் தீர்ப்புக் கட்டம். நான் என் திரைப் பதிவு, அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ஆப்பின் பதிப்பு எண், விற்பனை ரசீது எல்லாவற்றையும் சேர்த்து அங்கே கொடுத்திருக்கிறேன். பதிப்பு எண்ணை மறக்காமல் குறித்துவையுங்கள். அடுத்த அப்டேட் வந்துவிட்டால் பிழை இருந்த அந்தத் திரையை நீங்கள் திரும்பப் பார்க்கவே முடியாது.