ஆஸ்துமா பம்பை (இன்ஹேலரை) நிறுத்தச் சொல்லி மீன் எண்ணெய் விற்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள்

குளச்சல், கருங்கல், புதுக்கடை பக்கம் இருப்பவர்கள் இதை முழுவதும் வாசியுங்கள். வீட்டில் இழுப்பு உள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

என் அம்மைக்கு 61 வயது. 22 வருஷம் அண்டி ஆபீசில் (முந்திரிப்பருப்பு ஆலையில்) வேலை பார்த்தவர். ஆஸ்துமா வந்து பத்து வருஷம் ஆகிறது. காலையும் ராத்திரியும் ஒழுங்காகப் பம்பு எடுத்தால் தொந்தரவு இருக்காது. கோழிக்கூடு திறப்பது முதல் கிணற்றடி வேலை வரை எல்லாம் அவரே பார்ப்பார்.

ஆடிச் சாரல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்ச் சமூகக்கூடத்தில் இலவச நுரையீரல் முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அம்மையும் பக்கத்து வீட்டு அக்காவும் போனார்கள். ஒரு இரும்புக் கம்பியைக் கையில் பிடிக்கச் சொல்லி, கம்ப்யூட்டரைப் பார்த்து, "நுரையீரலில் அழற்சி 68 சதவீதம்" என்றார்களாம். நுரையீரல் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறது என்பதை ஊத வைத்துத்தான் அளப்பார்கள். கம்பியைப் பிடித்து அழற்சியை அளக்கவே முடியாது.

அப்புறம் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். மீன் எண்ணெய் நுரையீரல் வீக்கத்தைக் கரைக்கும், வெளிநாட்டு ஆராய்ச்சியில் நிரூபித்தது என்று அச்சடித்திருந்தது. "பம்பு நோயை அடக்கி மட்டும்தான் வைக்கும் அம்மா. இது வேரோடு எடுக்கும். 40 நாள் பம்பைத் தொடாதீங்க, தொட்டால் எண்ணெய் வேலை செய்யாது." இதைத்தான் அந்த ஆள் சொல்லியிருக்கிறார். 60 மாத்திரை அடைத்த பாட்டில் 2,400 ரூபாய். மூன்று பாட்டில் வாங்கினார். சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம். வேண்டாம் என்பேன் என்று என்னிடம் சொல்லவில்லை.

முதல் பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. "மக்களே, பம்பு இல்லாமலே நெஞ்சு லேசா இருக்கு பாத்தியா" என்று போனில் சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. உடனே பம்பை எடுக்கச் சொன்னேன், கேட்கவில்லை. அவர் நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. தினமும் எடுக்கும் தடுப்புப் பம்பில் இருப்பது ஸ்டீராய்டு. மூச்சுக்குழாய் அழற்சியைக் குறைக்கிற மருந்தே அதுதான். நிறுத்திய மறுநாளே வீக்கம் திரும்பி வராது, நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அந்த இடைவெளியில் நெஞ்சு லேசாக இருப்பது பழைய மருந்தின் புண்ணியம். பேர் எண்ணெய்க்குப் போய்விடுகிறது.

பத்தொன்பதாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அக்கா போன் செய்தார். நான் நாகர்கோவிலிலிருந்து போய்ச் சேர்ந்தபோது அம்மை ஆஸ்பத்திரியில் கட்டில் விளிம்பில் முட்டில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. "மக்களே... சன்னலை..." என்றார், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஆக்சிஜன், திரும்பத் திரும்ப நெபுலைசர், ஊசி. மூன்று நாள் கழித்துத்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

அங்கே டாக்டரிடம் நோட்டீசைக் காட்டினேன். பொறுமையாக விளக்கினார். மீன் எண்ணெயில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா 3 கொழுப்புகள் இருக்கின்றன. மூச்சுக்குழாயைச் சுருக்கும் லூக்கோட்ரையீன் என்ற பொருளை நம் உடம்பு வேறொரு கொழுப்பிலிருந்து செய்கிறது. இ.பி.ஏ. அந்தக் கொழுப்போடு போட்டி போடுவதால் அந்த லூக்கோட்ரையீன் உருவாவது ஓரளவு குறையும். இது உண்மைதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பம்புக்குப் பதில் இதைத் தரலாம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. தீவிர நுரையீரல் பாதிப்போடு வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு ஒமேகா 3 கலந்த சத்துணவைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வைப் பலன் இல்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதன் முடிவு 2011-இல் வெளிவந்தது.

நோட்டீசில் போட்டிருந்தது 2016-இல் வெளியான டென்மார்க் ஆய்வு. கர்ப்பிணிகளுக்குத் தினம் 2.4 கிராம் ஒமேகா 3 கொடுத்தார்கள், பிறந்த குழந்தைகளில் 16.9 சதவீதம் பேருக்கு இழுப்போ ஆஸ்துமாவோ வந்தது, ஒமேகா 3 கொடுக்காதவர்களின் குழந்தைகளில் 23.7 சதவீதம் பேருக்கு வந்தது. நல்ல ஆய்வு. ஆனால் வயிற்றில் இருந்த குழந்தைகளைப் பற்றியது. அதைக் காட்டி 61 வயது ஆஸ்துமாக்காரரிடம் பம்பை நிறுத்தச் சொன்னது எனக்கு இன்னும் நெஞ்சில் எரிகிறது.

வீட்டுக்கு வந்து பாட்டிலைப் பார்த்தேன். 1,000 மில்லிகிராம் மீன் எண்ணெய் என்று பெரிதாக எழுதியிருந்தது. பின்னால் பொடி எழுத்தில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120. ஆக ஒரு மாத்திரையில் 300 மில்லிகிராம்தான் ஒமேகா 3. மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாகக் கிடைப்பதும் இதே அளவுதான், விலையோ இதில் கால்வாசிகூட இல்லை. அந்த டென்மார்க் அளவுக்கு வர வேண்டுமென்றால் தினம் எட்டு மாத்திரை விழுங்க வேண்டும். காலாவதி தேதியின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஒரு மாத்திரையைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். வள்ளத்துக்குப் பூச வைத்திருக்கும் பழைய மீன் எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. வெயிலும் காற்றும் பட்டால் இந்த எண்ணெய் சிக்குப் பிடித்துவிடும். அதையும் அம்மை தினம் இரண்டு விழுங்கியிருக்கிறார்.

இன்னொன்றும் கவனியுங்கள். இப்படிப்பட்ட சத்து மாத்திரைகளின் லேபிளில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று போட்டிருக்க வேண்டும். இதிலும் இருந்தது, விலைச் சீட்டுக்கு அடியில். நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. பொய் விளம்பரத்துக்கு 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அந்த ஆளுக்குப் போன் செய்தேன். "உங்க அம்மா உடம்பில் இருந்த கெட்டது வெளியேறியிருக்கு, தொடர்ந்து கொடுங்க" என்றார். அதன் பிறகு எடுக்கவே இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிவு செய்துவிட்டேன். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் வாங்கியிருந்தால் பாட்டிலை எறிந்துவிடாதீர்கள், நோட்டீசையும், பில் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். பில் கேட்டால் அவர்கள் தரமாட்டார்கள். அம்மை பணம் அனுப்பிய ஜி-பே ரசீதைத்தான் ஆதாரமாகக் கொடுத்தோம்.

அம்மை இப்போது பம்பு எடுக்கிறார். மீன் எண்ணெய் நல்லதுதானே என்று டாக்டரிடம் கேட்டதற்கு, "சாளை வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கம்மா, பம்பை மட்டும் விடாதீங்க" என்றாராம். அந்த முகாம்காரர்கள் அடுத்த வாரம் தேங்காய்ப்பட்டணம் பக்கம் வருவதாக நேற்று ஒருவர் சொன்னார். அங்கே உறவுக்காரர்கள் இருந்தால் இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.