ஏபெமா, ஏயோபெமா? டி.ஓ. அவசர மருத்துவர் முன்னால் இரண்டு சான்றிதழ் போர்டுகள்

நம்மூரில் பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்றிருந்தால் கண் டாக்டர் என்று நினைப்போம். கண் மருத்துவ டிப்ளமோவுக்கு அந்தச் சுருக்கம்தான். அமெரிக்காவில் அதே இரண்டெழுத்து ஆஸ்டியோபதி மருத்துவரைக் குறிக்கும். 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய பள்ளியின் வழி வந்தவர்கள். பிரிட்டனில் ஆஸ்டியோபத் என்றால் கையால் நீவிச் சரிசெய்பவர் மட்டுமே. அமெரிக்க டி.ஓ. மருந்து எழுதலாம், கத்தி பிடிக்கலாம். எல்லா மாநிலங்களிலும் எம்.டி.க்குச் சமம் (அங்கே எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ். போன்ற அடிப்படை மருத்துவப் பட்டம்).

ஆக, லைசென்ஸில் சிக்கல் இல்லை. அவசர மருத்துவத்தில் ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி, முடித்தபின் எந்த போர்டின் (துறை வல்லுநர் என்று தேர்வு வைத்துச் சான்று தரும் வாரியத்தின்) சான்றிதழ் என்பதில்தான் கேள்வி. ஒன்று அமெரிக்க அவசர மருத்துவ போர்டு. துறைக்காரர்கள் வாயில் 'ஏபெம்'. மற்றது ஆஸ்டியோபதி சங்கத்தின் கீழ் இயங்கும் 'ஏயோபெம்'. வயதில் பெரிய வித்தியாசமில்லை: ஏபெம் 1976-ல் உருவாகி 1980-ல் முதல் தேர்வை நடத்தியது, ஏயோபெம் பிறந்ததும் அதே 1980-ல்தான்.

பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஏபெம் டி.ஓ.க்களை ஒதுக்கியது என்பார்கள். அது பட்டத்தைப் பார்க்கவில்லை, ரெசிடென்சிக்கு அங்கீகாரம் கொடுத்தது யார் என்று பார்த்தது. ரெசிடென்சிகளை அங்கீகரிக்கும் ஏ.சி.ஜி.எம்.இ. என்ற அமைப்பின் அங்கீகாரமுள்ள இடத்தில் பயின்ற டி.ஓ. அன்றைக்கும் ஏபெம் எழுதலாம். ஆஸ்டியோபதி சங்கம் மட்டும் அங்கீகரித்த ரெசிடென்சியில் நான்கு வருடம் உழைத்தவருக்கோ ஏயோபெம்தான். 2014-ல் ஒப்பந்தம் போட்டு, 2015 ஜூலை முதல் 2020 ஜூன் வரை இரு அங்கீகார முறைகளையும் ஒன்றாக்கினார்கள். இன்று எல்லா ரெசிடென்சிக்கும் ஒரே குடை. அதனால் புதிதாக முடித்து வரும் டி.ஓ.வுக்கு இரண்டு கதவுமே திறந்திருக்கின்றன.

தேர்வு? இரண்டிலும் எழுத்துத் தேர்வைத் தாண்டியும் ஒரு கட்டம் உண்டு. ஏபெமின் பழைய வாய்மொழித் தேர்வு பெயர்போனது. சிகாகோ ஹோட்டல் ஒன்றில், எதிரே உட்கார்ந்திருக்கும் தேர்வாளரே நோயாளி, அவரே நர்ஸ், போனில் வரும் சர்ஜனும் அவரே. "பி.பி. என்ன?" என்று கேட்டால்தான் சொல்வார்; கேட்காவிட்டால் தெரியாமலே போகும். மூன்று நோயாளிகளை ஒரே நேரத்தில் பார்க்கச் சொல்லும் கேஸும் இருந்தது. ஒருவருக்கு மூச்சுக்குழாய் போடும்போது இன்னொருவரின் துடிப்பு சரியும்! கோவிட்டில் அது இணையத்துக்குப் போனது. 2026 முதல் வட கரோலினாவின் ராலே நகருக்கு நேரில் போக வேண்டும். நோயாளியாக நடிப்பவரிடம் பேசிக் காட்டுவதும் புதுத் தேர்வில் உண்டு.

சான்றிதழைத் தக்கவைப்பதில் இப்போது பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. ஏபெமில் ஐந்து வருடத்துக்குள் நான்கு இணையத் தேர்வுகள், புத்தகம் பார்த்தே எழுதலாம். ஏயோபெமிலும் இணையவழித் தொடர் மதிப்பீடு உண்டு. முன்பு ஆஸ்டியோபதி சங்கத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டினால்தான் அதன் சான்றிதழ் நிலைக்கும் என்ற நிபந்தனை இருந்தது. 2016-ல் நியூஜெர்சியில் வழக்கு வந்தது, பிறகு சமரசத்தில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. நியாயமான முடிவு என்பேன். தகுதிக்கும் சந்தாவுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு போர்டும் உண்டு. அவசர மருத்துவ ரெசிடென்சி செய்யாதவர்களுக்கும் வழி விட்ட அதைப் பல மருத்துவமனைகள் ஏற்பதில்லை. நம் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

என் தீர்ப்பு: இன்று ரெசிடென்சி முடிக்கும் டி.ஓ. ஏபெம் எழுதட்டும். எங்கே போனாலும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆஸ்டியோபதி அடையாளம் முக்கியம் என்பவர் ஏயோபெமையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், இரண்டு கட்டணம் வலிக்காது என்றால். பழைய ஏயோபெம்காரர்கள் கலங்க வேண்டியதில்லை. ரெசிடென்சியில் ஆசிரியராக இருக்க ஏ.சி.ஜி.எம்.இ. விதிகளே இரண்டு போர்டையும் ஏற்கின்றன. வேலை மாறும்போது மட்டும், புது மருத்துவமனையின் துணைவிதிகளை வாங்கிப் படியுங்கள். போர்டு பற்றிய வரியில் "ஏபெம்" என்று மட்டும் இருக்கிறதா, "ஏபெம் அல்லது ஏயோபெம்" என்றிருக்கிறதா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.