வியாதிப்படுக்கையில் வாசிக்க ஒரு வேதாகமம்: பெரிய எழுத்துப் பதிப்பு குறித்து

பரிசுத்த வேதாகமத்தின் பெரிய எழுத்துப் பதிப்பை, நான் அறிந்தவரை, பலரும் தங்களுக்காக வாங்குவதில்லை. பார்வை மங்கிய தாய்க்கோ, அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீட்டோடு இருக்கும் தகப்பனுக்கோ, துணையை இழந்து தனித்திருக்கும் பெரியம்மாவுக்கோ வாங்கிக் கொடுக்கிறார்கள். நானும் பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் என் அம்மாவுக்காகத்தான் அதை வாங்கினேன். அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்திற்கு மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. இப்படிப்பட்ட காலத்தில் விசுவாசத்தைத் தாங்கிப் பிடிக்க இந்தப் புத்தகம் எவ்வளவு துணை செய்கிறது என்பதைப் பற்றியதே இந்த மதிப்புரை. ஆகவே தாளையும் எழுத்தையும் பைண்டிங்கையும் எந்த அளவுக்குப் பேசுகிறேனோ, அந்த அளவுக்கு வாசிப்பைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் எழுத்து. நம் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பே இதிலும் இருக்கிறது. ஜெர்மானிய மிஷனரி ஃபபிரிசியுஸின் மொழிபெயர்ப்பை அடிப்படையாக வைத்து, மிஷனரி ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி, 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு அது. அதன் நடை இன்றைய பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கலாம். ஆனால் ஓய்வுநாள் பள்ளியிலேயே அந்த வசனங்களை மனப்பாடம் செய்து வளர்ந்த தலைமுறைக்கு, கண் ஒரு வரியைத் தவறவிட்டாலும் நாவு அதை நிறைவு செய்துவிடும். எழுத்து கண்ணாடி போட்ட கண்களுக்குப் போதுமான அளவு பெரியது. வசன எண்கள் தடித்த எழுத்தில் தனித்துத் தெரிகின்றன. ஒரே குறை, தாள் மெல்லியது என்பதால் மறுபக்கத்து அச்சு நிழலாடுகிறது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: வாசிக்கும் பக்கத்திற்கு அடியில் ஒரு கருப்புச் சார்ட் தாளை வைத்தால் நிழல் மறைந்துவிடும். இதைச் செய்த பிறகுதான் அம்மா ஒரு முழு அதிகாரத்தை நிறுத்தாமல் வாசித்தார்கள்.

எழுத்தின் அளவு என்பது தமிழ் வேதாகமத்தின் வரலாற்றிலேயே ஒரு பெரிய கவலையாக இருந்திருக்கிறது. 1706-இல், டேனியரின் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்தபோது, அதை அச்சிட ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. கையிலிருந்த காகிதமோ குறைவு. ஆகவே அருகிலிருந்த பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்து, 1714-இலும் 1715-இலுமாக அச்சு வேலையை முடித்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் அவர் அங்கிருந்த டேனிய ஆளுநரால் சிறையில் அடைக்கப்பட்டு, மாதக்கணக்கில் அடைபட்டிருந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைக்குமே அவரால் மொழிபெயர்க்க முடிந்தது. 1719-இல், நாற்பது வயதை எட்டுமுன்பே இறந்துபோனார். மீதியைப் பின்வந்தவர்கள் முடித்தார்கள். தான் முடித்துப் பார்க்காத வேலையில் ஒரு மனிதன் கடைசிவரை நிலைத்திருந்ததன் பலன் இன்று நம் மடியில் இருக்கிறது என்பதை, புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன்.

இனி வாசிப்புக்கு வருகிறேன். துன்பக் காலத்தில் நம் வீடுகளுக்கு முதலில் வந்து சேர்வது, ஒரு வேத வசனத்தைத் தேவனுடைய வாக்குறுதியாக அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைதான். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் நீட்டப்படும் அட்டை, சுவரில் தொங்கும் வசனக் காலண்டர், விடிந்ததும் வாட்ஸ்அப்பில் வரும் பூப்போட்ட வசனம் எல்லாமே அன்பினால் வருபவை. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து கத்தரித்து எடுத்தால், அதற்குள் இருக்கும் பலமும் பாதி கத்தரிக்கப்பட்டுவிடுகிறது என்பதை இந்தப் பெரிய எழுத்துப் பதிப்புதான் எங்கள் வீட்டில் காட்டிக் கொடுத்தது.

எரேமியா 29-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனம் எல்லாருக்கும் தெரிந்தது. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வசனம் அச்சிட்ட அட்டை அம்மாவின் மருந்துப் பெட்டியிலேயே இருந்தது. பெரிய எழுத்துப் புத்தகம் வந்த பிறகு அம்மா அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்து, பத்தாம் வசனத்தில் நின்றார்கள். "ஏட்டி, இங்க எழுபது வருசம்லா போட்டிருக்கு. அட்டையில அத விட்டுட்டாங்களே" என்றார்கள். உண்மைதான். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டிய தீர்க்கதரிசிகளை நம்ப வேண்டாம், அங்கேயே வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், 70 ஆண்டுகள் முடிந்த பின்பே நான் உங்களைச் சந்திப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் கர்த்தர் அந்தச் சமாதானத்தின் வார்த்தையைச் சொல்லுகிறார். நாளைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் வசனம் அது அல்ல. சரியாகாத இடத்திலேயே வாழத் தொடங்கு என்று சொல்லும் வசனம். டயாலிசிஸ் என்பது சில வாரங்களில் முடிகிற வைத்தியம் அல்ல என்று தெரிந்துகொண்ட ஒருவருக்கு, அட்டையில் இருந்த ஒற்றை வசனத்தைவிட அந்த முழுக் கடிதம் அதிகத் திடன் தந்தது. அந்த வாரத்திலேயே அம்மா பின்கட்டில் இரண்டு தொட்டிகளில் கீரை விதைக்கச் சொன்னார்கள். தாம் அதில் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டார்கள்.

சங்கீதங்கள் இன்னும் ஆழமானவை. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புலம்பலும் முறையீடுமாகவே இருப்பதை, தெரிந்த சில சங்கீதங்களை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறவர்கள் கவனிப்பதில்லை. 88-ஆம் சங்கீதம் முடியும்போதுகூட நம்பிக்கையின் ஒரு வார்த்தை இல்லை. சிநேகிதர் விலகிப்போன துயரத்தோடே அது நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட ஒரு ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதே, ஜெபிக்க வார்த்தை வராத நாளில் பெரிய ஆறுதல். "விசுவாசம் குறைந்ததால்தான் வியாதி குணமாகவில்லை" என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அந்தச் சங்கீதத்தை எடுத்துச் சத்தமாக வாசிக்கிறேன்.

42-ஆம் சங்கீதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் எடுக்கிறவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. தாகம் தாங்காமல் வெறும் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வார்கள். "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்ற வரியை நாங்கள் சிறுவயதிலிருந்து பாட்டாகப் பாடியிருக்கிறோம். உலர்ந்த உதட்டோடு அதை அம்மா வாசிக்கக் கேட்டபோதுதான், கதறுதல் என்று அங்கே எழுதியிருப்பது என் காதில் விழுந்தது. "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்? தேவனை நோக்கிக் காத்திரு" என்னும் வரிகள் அந்தச் சங்கீதத்தில் இரண்டு முறையும் அடுத்த சங்கீதத்தில் ஒரு முறையுமாக மூன்று முறை வருகின்றன. முதல் முறை சொல்லியும் கலக்கம் தீரவில்லை; மறுபடியும் மதகுகளின் இரைச்சலும் அலைகளும் வருகின்றன; மறுபடியும் அதையே சங்கீதக்காரன் தன் ஆத்துமாவுக்குச் சொல்லிக்கொள்கிறான். நம்பிக்கை ஒரே முறை வந்து நிலைத்துவிடுவதில்லை, மீண்டும் மீண்டும் வாயால் சொல்லி வளர்க்க வேண்டியது என்பதைப் பிரசங்கம் இல்லாமலே அந்த அமைப்பு கற்றுத்தருகிறது. இந்த மூன்று இடங்களையும் ஒரே மூச்சில் கண்ணால் தொடர, எழுத்து பெரிதாக இருப்பது உண்மையிலேயே உதவுகிறது.

புத்தகத்தின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இது கனமானது. டயாலிசிஸ் நாற்காலியில் ஏறக்குறைய நான்கு மணிநேரம் உட்கார்ந்திருக்கும்போது ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது; மிஞ்சியிருக்கும் ஒரு கையால் இந்தப் புத்தகத்தைப் பிடிக்கவும் முடியாது, பக்கத்தைப் புரட்டவும் முடியாது. ஆகவே வீட்டு மேசைக்கு இது. மருத்துவமனைக்குப் பெரிய எழுத்தில் தனியாகக் கிடைக்கும் மெல்லிய சங்கீதப் புத்தகமே சரி. முதல் இரண்டு மணிநேரம் வாசிப்பதற்கு ஏற்றது. முடியும் தறுவாயில் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றினால் எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. அப்போது செல்போனில் ஒலி வேதாகமத்தை ஓடவிடலாம், ஹெட்போனோடு. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் வேறு மதத்தவராக இருக்கலாம், அவருக்கும் ஓய்வு தேவை.

ஜிப் வைத்த உறையுள்ள பதிப்பைத் தவிர்ப்பது நல்லது. பார்க்க அழகாகவும் பாதுகாப்பாகவும் இருந்தாலும், நடுங்கும் விரல்களுக்கு அந்த ஜிப்பைச் சுற்றித் திறப்பதே ஒரு வேலை. கடையிலேயே புத்தகத்தை ஆதியாகமத்திலும் சங்கீதத்திலும் வெளிப்படுத்தின விசேஷத்திலும் திறந்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். நடுவில் எந்தப் புத்தகமும் விரிந்து கிடக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் தானாக மூடிக்கொள்ளாமல் இருந்தால்தான் பைண்டிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அடையாள ரிப்பன் இரண்டு இருக்கும் பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள், பழைய ஏற்பாட்டுக்கு ஒன்றும் புதிய ஏற்பாட்டுக்கு ஒன்றுமாக உதவும்.

கத்தோலிக்கக் குடும்பத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் இந்த 66 புத்தகப் பதிப்பை வாங்க வேண்டாம். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் அவர்களுக்குரிய 73 நூல்களும் இருக்கின்றன, திருப்பலியில் கேட்டுப் பழகிய நடையும் அதுவே. பழைய நடை பழக்கமில்லாத இளையவர் நோயுற்றிருந்தால் அவருக்கும் எளிய நடையில் உள்ள மொழிபெயர்ப்பே பொருந்தும். மற்றபடி, அறுபதைத் தாண்டிய, பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்த, நீண்ட வியாதியோடு வீட்டில் இருக்கும் ஒருவருக்கு இதைத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். கொடுப்பதோடு நின்றுவிடாமல், வாரத்தில் ஒரு நாள் போய் அவரோடு உட்கார்ந்து ஒரு அதிகாரத்தை முதலிலிருந்து முடிவுவரை வாசித்துவிட்டு வாருங்கள்.