இஃப்தார் வெளிச்சத்துக்கு 50 எம்.எம். லென்ஸ்

சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் ரமலான் மாதம் நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள் பரிமாறுகிறார்கள், பல பத்தாண்டு வழக்கம் இது, அவர்களில் சிந்தி இந்துக்கள் நிறைய. அதைப் படமெடுக்க கேனன் 50 எம்.எம். எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸ் போதுமா? முகங்களுக்குத் தாராளமாகப் போதும். மக்ரிப் பாங்கு (சூரியன் மறைந்ததும் ஒலிக்கும் தொழுகை அழைப்பு) நேரத்தில் வெளிச்சம் சட்டென்று இறங்கிவிடும், அங்கே போய் ஃபிளாஷ் அடிக்கவும் முடியாது (அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், என்ன சொல்ல), லென்ஸ் திறப்பை எஃப் 2-இல் அகலமாக வைத்து ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறனை) 1600-க்கு ஏற்றினால் தட்டு நீட்டும் கை தெளிவாக விழும். எடை 160 கிராம்தான், பார்க்கிறவர்களை மிரட்டாது.

ஆனால் ஏ.பி.எஸ்.-சி கேமராவில் (சென்சார் சிறியது) மாட்டினால் 80 எம்.எம். லென்ஸின் குறுகலான கோணம்தான் கிடைக்கும், பந்தி முழுக்க ஒரே படத்தில் வராது, பின்னால் நகர்ந்தால் யார் மேலாவது இடிப்பீர்கள். அதற்கு அகலமாகக் காட்டும் 24 எம்.எம். லென்ஸ் தனியாக வேண்டும். அப்புறம், இந்த 50 எம்.எம். லென்ஸில் ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) கிடையாது, ஷட்டர் வேகத்தை 1/125 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள்.