ஃபேரர் பார்க் நினைவு ஜெர்சி: குவீன்ஸ்வேயில் செய்து வாங்கிய அனுபவம்

தமிழ் எழுத்து போட்ட டீம் ஜெர்சி வேண்டுமென்றால் தைரியமாகச் சிங்கப்பூரின் குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டருக்குப் போகலாம். எங்கள் காற்பந்து கிளப்பின் நினைவு ஜெர்சியை அங்கேதான் செய்தோம். அது கைக்கு வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் எங்கே அடித்தீர்கள், என்ன விலை, தமிழ் எப்படி இவ்வளவு சுத்தமாக வந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. அந்தக் கட்டடத்தில் இதே வேலை செய்யும் கடைகள் பல இருக்கின்றன, கீழே சொல்வதைக் கேட்டு வாங்கினால் எந்தக் கடையிலும் நல்ல வேலை வாங்கலாம்.

ஏன் நினைவு ஜெர்சி என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் கிளப் ஃபேரர் பார்க் திடலில் பிறந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு, ஓவன் ரோடு பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் இருந்த பையன்கள், துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து வரும் அண்ணன்மார், கூடவே சில பள்ளி ஆசிரியர்கள், இவர்கள் சேர்ந்து 80களில் தொடங்கியது. அந்தத் திடல் சாதாரணப் புல்தரை இல்லை. 1840களில் அது குதிரைப் பந்தயத் திடல், ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பெயர் வந்ததே அதனால்தான், 1933இல்தான் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது. சிங்கப்பூரில் முதல் விமானம் பறந்ததும் அங்கிருந்துதான், 1911இல். 1942 பிப்ரவரி 17ஆம் தேதி பிரிட்டிஷ் இந்தியப் படை வீரர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும் அங்கேதான், இந்திய தேசிய ராணுவத்தின் கதை அந்தப் புல்லில்தான் தொடங்குகிறது. அதற்கப்புறம் காற்பந்து, காற்பந்து, காற்பந்து. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு பக்கம் லீக் ஆட்டம், இன்னொரு பக்கம் செருப்பை வைத்துக் கோல் போஸ்ட் அடையாளம் போட்ட பையன்கள், ஓரத்தில் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு வந்து நின்று பார்க்கிற பெரியவர்கள்.

2021இல் அந்த இடத்தில் ஏறத்தாழ 1,600 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகள் வரும் என்று அறிவித்தார்கள், பழைய நீச்சல் குளக் கட்டடத்தையும் குத்துச்சண்டைக் கூடத்தையும் பாதுகாப்பார்கள் என்றும் சொன்னார்கள். வீடு வேண்டியதுதான், தேக்காவுக்கு நடக்கிற தூரத்தில் வீடு என்றால் யாருக்குக் கசக்கும். ஆனால் எங்கள் அண்ணன்மாருக்கு அந்தச் செய்தி மனதைப் பிசைந்துவிட்டது. திடலில் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும், அதற்கு ஒரு சட்டை வேண்டும், அந்தச் சட்டையில் கிளப்பின் கதை இருக்க வேண்டும். அப்படித்தான் ஆரம்பித்தது.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிய காரணம். இங்கே ஓர் அமெச்சூர் கிளப் என்ன சாதித்தது என்பதைத் தேடிப் பார்க்க இடமே கிடையாது. சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் வரலாறு 1892இல் தொடங்குகிறது, ஆசியாவின் மிகப் பழைய சங்கங்களில் ஒன்று, நீண்ட காலம் அதன் பெயரிலேயே அமெச்சூர் என்ற சொல் இருந்தது. 1977இல் பினாங்கை 3-2 என்று ஜெயித்து மலேசியக் கோப்பையைக் கொண்டுவந்த சிங்கப்பூர் அணியில், சமது அல்லாபிச்சை கேப்டனாக இருந்த அணியில், வேலைக்குப் போய்விட்டு வந்து பயிற்சி செய்தவர்கள் இருந்தார்கள். 1988 முதல் 1993 வரை வரிசையாக ஆறு முறை தேசிய லீக்கை ஜெயித்த கேலாங் கிளப்பின் காலமும் இன்றைய முழுநேரத் தொழில்முறைக் காலத்துக்கு முந்தியது. 1996இல் எட்டுக் கிளப்புகளோடு எஸ்.லீக் என்ற தொழில்முறை லீக் வந்தது, அதோடு பாதை இரண்டாகப் பிரிந்தது. மேலே போனவர்களின் பெயர் நின்றது. 1945இல் தொடங்கிய தெம்பனிஸ் ரோவர்ஸை இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பாலஸ்டியர் சென்ட்ரலும் கிளமெண்டி கால்சாவும் இணைந்து உருவான பாலஸ்டியர் கால்சா 2014இல் சிங்கப்பூர்க் கோப்பையையே தூக்கியது. கீழே நின்ற கிளப்புகளுக்கு மேலே ஏறப் படியே இல்லை. அமெச்சூர் டிவிஷனில் முதலிடம் பிடித்தாலும் தொழில்முறை லீக்குக்குப் பதவி உயர்வு கிடையாது. ஜெயித்த கோப்பை யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் கிடக்கும், அவர் வீடு மாறும்போது அதுவும் எங்கேயோ போய்விடும்.

எங்களுக்குக் கொடுப்பினை, எங்கள் பழைய செயலாளர் அண்ணன் ஒரு நீளக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறார். பச்சை அட்டை, முதுகில் கறுப்புத் துணி டேப். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி: தேதி, எதிரணி, கோல் கணக்கு, கோல் போட்டவர் பெயர், நடுவருக்கு யார் காசு கொடுத்தது, மழையால் நின்றதா. சில பக்கங்களில் மை கலைந்து நீலக் கறையாக இருக்கிறது, திடலோரத்திலேயே வைத்து எழுதியதால் வந்த மழைக் கறை அது. ஜெர்சியின் உள்பக்கம், முன் மடிப்புக்கு மேலே, அதிலிருந்து மூன்று வரி எடுத்து அச்சடிக்க வேண்டும் என்று முடிவானது: சமூக மன்றக் கோப்பை ஜெயித்த ஆண்டு, ஒரு சீசன் முழுக்கத் தோற்காமல் ஆடியது, தங்களைவிட மேல் டிவிஷனில் இருந்த அணியைப் பெனால்டியில் வீழ்த்திய ஆட்டம். "தம்பி, மற்றது விட்டுப்போனாலும் அந்தப் பெனால்டி மேட்ச்சை விட்டுடாதே" என்று அண்ணன் மறுபடி மறுபடி சொன்னார்.

சரி, கடைக்கு வருகிறேன். குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டர் 70களின் கட்டடம், அலெக்சாண்ட்ரா ரோடும் குவீன்ஸ்வேயும் சந்திக்கிற முனையில் இருக்கிறது. வாசலிலேயே எம்ஆர்டி ரயில் நிலையம் கிடையாது, பஸ் பிடிக்க வேண்டும். உள்ளே போனால் பூட்ஸ், ராக்கெட் நரம்பு கட்டுகிறவர்கள், ஜெர்சி, எண் அச்சடிக்கிற இயந்திரச் சத்தம், பசித்தால் லக்சா. நாங்கள் போன கடை சின்னது, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். ஆனால் டிசைன் பார்க்கிற பெண் நாங்கள் கொண்டுபோன பழைய சட்டையை வாங்கி, திருப்பி, தையலைப் பார்த்து, "இது யார் தைத்தது" என்று கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. தேக்கா தையல்காரர் ஒருவர் வெள்ளைத் துணியில் எண் வெட்டித் தைத்த பருத்திச் சட்டை அது, மெரூன் வெள்ளைக் கோடு, மெரூன் வெளுத்து மாதுளை நிறமாகிவிட்டது. அந்தப் பெண் காலரின் உள்மடிப்பைப் பிரித்து, வெயில் படாத இடத்திலிருந்து நிறத்தை எடுத்தார். வெளுத்த நிறம் வேண்டாம், முதல் நாள் இருந்த நிறம்தான் வேண்டும் என்பதை நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு வகை அச்சு உண்டு, இதைத் தெரிந்துகொண்டு போனால் காசு மிச்சம். ஒன்று, கடையில் இருக்கும் வெற்று ஜெர்சியில் வினைல் (பிளாஸ்டிக் தாள்) எழுத்தை வெட்டிச் சூட்டில் அழுத்துவது. மலிவு, சீக்கிரம் கிடைக்கும், ஆனால் துவைக்கத் துவைக்க ஓரம் தூக்கும், வெடிக்கும். இன்னொன்று சப்ளிமேஷன். வெள்ளைப் பாலியெஸ்டர் துணியில் சூட்டில் மை ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடும், அப்புறம்தான் துணியை வெட்டித் தைப்பார்கள். உரியவும் செய்யாது, வெடிக்கவும் செய்யாது, எத்தனை நிறம் போட்டாலும் பெரும்பாலும் விலை ஏறாது. பருத்தியில் இது எடுபடாது. எங்களுக்குக் கோடு, உள்பக்க எழுத்து, சின்னம் எல்லாம் வேண்டியிருந்ததால் சப்ளிமேஷன் எடுத்தோம். ஒரே குறை, தையல் இழுபடும் இடத்தில் உள்ளே இருக்கிற வெள்ளை லேசாகத் தெரிகிறது, அக்குள் பக்கம் உற்றுப் பார்த்தால் தெரியும்.

கோடு போட்ட சட்டையில் முதுகு எண் தெரியாது என்று அந்தப் பெண்தான் எடுத்துச் சொன்னார். மெரூன் வெள்ளைக் கோடுகளின் மேல் வெள்ளை எண் பாதி காணாமல் போகும், திடலின் மறுபக்கம் நிற்கும் நடுவரால் படிக்க முடியாது. முதுகில் மட்டும் கோட்டை நிறுத்தி முழு மெரூன் சதுரம் வைத்து அதில் எண்ணைப் போட்டார். இதை நினைவுக்காக மட்டும் செய்யவில்லை, போட்டுக்கொண்டு ஆடவும் போகிறோம் என்று சொன்னதால் கோல்கீப்பருக்குத் தனி நிறமும் அவரே கேட்டு வாங்கினார். எத்தனையோ டீமுக்குச் செய்த கை.

இப்போது தமிழ். முதல் மாதிரிப் படம் வாட்ஸ்அப்பில் வந்தபோது வயிறு கலங்கியது. "ஃபேரர் பார்க்" என்று கொடுத்திருந்தோம். ஏகாரக் கொம்பு ப எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது, க் மேல் இருக்க வேண்டிய புள்ளி அடுத்த இடத்தில் தனியாக மிதந்தது. இது கடைக்காரர் கவனக்குறைவு இல்லை. டிசைன் மென்பொருள்கள் சிலவற்றில் தெற்காசிய எழுத்துகளைக் கோக்கும் வசதியைத் தனியாகத் திறந்துவிட வேண்டும், திறக்காவிட்டால் கொம்பும் காலும் தட்டச்சு செய்த வரிசையிலேயே விழும். இந்த ஊரில் பேனர்களிலும் அறிவிப்புகளிலும் உடைந்த தமிழைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள் நாம், முதுகில் வேறு அதைச் சுமக்க முடியாது. தமிழ் ஒழுங்காகத் தெரிகிற செயலியில் எழுதி, எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பை அனுப்பினோம். அப்படி மாற்றிவிட்டால் அது வெறும் படம், எந்தக் கணினியிலும் உடையாது. அடுத்த மாதிரி வந்ததும் அந்தப் பெண் ஓர் எழுத்தைக்கூட நகர்த்தாமல், எங்கள் கோப்பையும் அவர் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பி, "ஒவ்வொரு புள்ளியையும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். தமிழ் தெரியாத ஒருவர் புள்ளியை எண்ணச் சொல்கிறார்! அந்த இடத்தில் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

உள்பக்க மூன்று வரியும் அப்படியே வந்திருக்கிறது. எழுத்து சின்னது, ஆனாலும் ண, ன இரண்டும் பிரிந்து தெளிவாகத் தெரிகின்றன. செயலாளர் அண்ணன் சட்டையைத் திருப்பி அந்தப் பெனால்டி வரியை விரலால் தடவிப் படித்தார், பிறகு கோல்கீப்பராக இருந்த நண்பருக்கு அங்கேயே ஃபோன் போட்டு அதை வாசித்துக் காட்டினார். நெஞ்சுச் சின்னத்தை மட்டும் எம்பிராய்டரி செய்யச் சொல்லியிருந்தோம். பார்க்க அழகு, ஆனால் உள்ளே ஒட்டிய தாள் மாதிரியான பின்துணி ஓடும்போது தோலை உறுத்துகிறது. விளையாடுகிறவர்கள் சின்னத்தையும் சப்ளிமேஷனிலேயே போட்டுவிடுங்கள், எம்பிராய்டரி பெரியவர்கள் சட்டைக்குப் போதும்.

அளவு விஷயத்தில் கவனம் வேண்டும். வெட்டு இளைஞர்களுக்கு ஏற்ற ஒடுக்கமான வெட்டு, வழக்கமாக எல் போடுகிறவர் எக்ஸ்எல் எடுக்க வேண்டும். கடையில் மாதிரிச் சட்டைகள் தொங்குகின்றன, ஆர்டர் கொடுப்பதற்கு முன் எல்லாரையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் அளவு கேட்டு எழுதிக்கொண்டால் நிச்சயம் தகராறு வரும். பெரிய அளவுகளுக்குக் கூடுதல் காசு. விலை, ஒரு சட்டை 30 வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே வந்தது, எம்பிராய்டரி தனி. இதைவிட மலிவாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம்தான், ஆனால் எழுத்து உடைந்து வந்தால் யாரிடம் போய் நிற்பது. சொன்ன தேதியைவிடச் சில நாள் தாமதமானது, திடலில் படம் எடுக்கும் நாளுக்கு முன் வந்துவிட்டதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்குப் போட்டித் தேதி இருந்தால் அதைவிட நன்றாகவே முன்தள்ளிச் சொல்லிவையுங்கள், தீபாவளியும் ஆண்டிறுதிப் போட்டிகளும் நெருங்கும்போது கடையில் கூட்டம் அதிகம்.

துணி மெல்லிய கண்ணி போட்டது, நம் ஊர் வெக்கைக்குச் சரியாக இருக்கிறது, வியர்வையில் உடம்போடு ஒட்டவில்லை. உள்பக்கத்தை வெளியே திருப்பிச் சாதாரணத் தண்ணீரில் துவைக்கவும், உலர்த்தும் இயந்திரத்தில் போட வேண்டாம், மூங்கில் கழியில் நிழலில் காயவைத்தால் போதும். இதுவரை மெரூன் வெள்ளையில் இறங்கவில்லை.

டிசைன் கோப்பைக் கடையில் வைத்திருக்கிறார்கள், பிறகு குறைந்த எண்ணிக்கையிலும் செய்து தருவதாகச் சொன்னார்கள். அடுத்து கிளப்பில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சின்ன அளவில் ஆர்டர் கொடுக்கிறோம். அதில் உள்பக்கம் மூன்று வரிக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.