நாகை சம்பாவுக்கு எது கைகொடுக்கும்: வெள்ள நிவாரணமா, பயிர்க் காப்பீடா?

நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா மூழ்கினால் அரசுப் பணம் வர இரண்டு வழி உண்டு. ஒன்று, மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து தரும் இடுபொருள் நிவாரணம். இன்னொன்று, 2016-ல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீடு. எதில் தொகை அதிகம் என்றுதான் ஊரில் பேச்சு நடக்கும். அதைவிட முக்கியம், சேதத்தை எந்த வயலில் வைத்து அளக்கிறார்கள் என்பது.

நிவாரணத்தில் அவரவர் வயலே கணக்கு. விஏஓவும் வேளாண் துறையினரும் பார்த்து, 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று எழுதினால் பணம் வரும். பிரீமியம் எதுவும் கட்ட வேண்டாம். 2022-26 காலத்துக்கான மத்திய விதிப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதுவும் இரண்டு ஹெக்டேர் வரை. ஏக்கருக்குப் பிரித்தால் ஏழாயிரம்கூடத் தேறாது. உழவு, நாற்று, நடவுக் கூலி, உரம் என்று போட்டதில் கால்வாசி திரும்பினாலே பெரிது.

கணக்கெடுக்கும் நேரமும் சிக்கல்தான். தண்ணீர் வடிந்த பிறகு வருகிறார்கள். அதற்குள் அழுகிய தூரிலிருந்து நாலு பச்சைத் தோகை கிளம்பியிருக்கும். வரப்பில் நின்று பார்த்தால் பயிர் தேறிவிட்டது போலத் தெரியும். தை மாதம் அறுக்கும்போதுதான் பாதி பதர் என்பது தெரியும். அப்போது கணக்கு முடிந்து வெகுநாளாகியிருக்கும்.

காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்கு 500 ரூபாய் சொச்சம் கட்டினால் காப்பு 35,000-ஐத் தொடும். ஆனால் இழப்பீட்டை முடிவு செய்வது உங்கள் வயல் இல்லை, கிராமத்தின் சராசரி. ஊரில் நாலு இடத்தில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் அளந்து, அறுத்து, எடை போடுகிறார்கள். கடந்த 7 ஆண்டுகளில் நல்ல விளைச்சல் கண்ட 5 ஆண்டுகளின் சராசரியிலிருந்து ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். இந்த எடை அதற்குக் கீழே போனால்தான் பணம். சோதனைச் சதுரம் மேட்டு வயல்களில் விழுந்துவிட்டால், வடிகால் ஓரத்துப் பள்ளத்தில் மூன்று ஏக்கரும் அழுகிய ஆளுக்கு ஒன்றும் கிடைக்காது. பிரீமியம் எல்லோரும் ஒன்றாகத்தானே கட்டினோம் என்று அவர் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

வறட்சி என்றால் கதை மாறிவிடும். காவிரி வராமல் போனால் பள்ளமும் மேடும் சேர்ந்தே காயும், சராசரியும் சேர்ந்து விழும். 2016-17 அதற்குச் சாட்சி. நிவாரணம் ஏக்கருக்கு 5,465 ரூபாய். காப்பீட்டில் மாநிலம் முழுக்க மூவாயிரம் கோடிக்கு மேல் வந்தது.

ஆக, பள்ளத்து வயலுக்கு வெள்ளத்தில் நிவாரணமே பக்கத்துணை, காப்பீடு வறட்சிக்கு. இரண்டும் நழுவுவது வாய்மொழிக் குத்தகைக்காரரிடம்தான். இதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று விஏஓ எழுதும் அடங்கலில் பெயர் இல்லையென்றால் சேற்றில் நின்று நட்டவருக்குப் பதில் வெளியூரில் இருக்கும் நிலக்காரர் கணக்குக்குப் பணம் போகிறது.

ஒரு நல்ல சேதி. தனி வயல் மூழ்குவதற்கான காப்பை நெல்லுக்கு 2018-ல் எடுத்துவிட்டிருந்தார்கள். 2026 காரீஃப் (ஜூன் வாக்கில் தொடங்கும் பருவம்) முதல் அது திரும்பும் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் செயலியில் படத்தோடு தெரிவிக்க வேண்டும். கரண்டும் சிக்னலும் போய், சாலையில் முழங்கால் தண்ணீர் நிற்கிற மூன்று நாளில் அதை எப்படிச் செய்வது? ஊருக்கு ஊர் ஓர் ஆளை வைத்துப் பதிவு செய்துகொடுக்க ஏற்பாடு வேண்டும். காப்பீட்டுக்கு விதைப்பு அடங்கலை மழைக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். கடைசித் தேதி நெருங்கினால் இ-சேவை மையத்தில் சர்வர் நகராது.