எலிப்பொறிச் சுவரும் ஒரு முழம் இறவாரமும்

வீடு கட்டித் தந்தவர்களைப் பற்றிய இந்த மதிப்புரையைப் பால்காய்ப்பு அன்றே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். ஒரு ஜூன் மாதம் கழியட்டும் என்று காத்திருந்தேன். இப்போது மூன்றரை.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில், எங்கள் பழைய ஓட்டு வீட்டின் அடுக்களை நின்ற இடத்தில், 640 சதுர அடியில் இரண்டு அறையும் கிழக்குப் பார்த்த ஒரு வராந்தாவும் கட்டினேன். கட்டித் தந்தவர்கள் மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கும் இளம் பொறியாளர்கள் மூன்று பேர். பூசாத செங்கல்லில் செலவு குறைந்த வீடுகள் கட்டிய கட்டடக்கலைஞர் லாரி பேக்கரின் பெயரில், ‘பேக்கர் பாணி வீடுகள்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. சொல்ல வேண்டியதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியாயிற்று.

பேக்கர் மீது எனக்கு ஆசை வந்தது புத்தகம் படித்து அல்ல, காபி குடித்து. இரணியலில் இருந்து திருவனந்தபுரத்துக்கு 22 ஆண்டுகள் ரயிலில் போய் வேலை பார்த்தவள் நான். தம்பானூரில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். சிவப்புச் செங்கல்லைச் சுருட்டி நிறுத்தியது போன்ற கட்டடம். உள்ளே மாடியும் கிடையாது, படியும் கிடையாது. தரையே சரிந்து சரிந்து மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசைகள். சுவரில் விட்ட சிறு துளைகள் வழியே காற்று. பீட்ரூட் கலந்த கட்லெட்டை முன்னால் வைத்துக்கொண்டு, பூசாத செங்கல்லைப் பார்த்தபடி, ஓய்வு பெற்றதும் இப்படி ஒரு சுவர் கட்ட வேண்டும் என்று எத்தனையோ மாலைகளில் நினைத்திருக்கிறேன்.

லாரி பேக்கர் 1917-இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். போர்க்காலத்தில் சீனாவில் மருத்துவத் தொண்டு செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். பிறகு தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைக் கட்டடங்களைக் கவனிக்க இந்தியாவுக்கே வந்துவிட்டார். மலையாளி மருத்துவரை மணந்து, இமயமலையில் உள்ள பித்தோராகரில் பதினாறு ஆண்டுகள் மலை மக்களோடு இருந்தார். கல்லும் மரமும் மண்ணும் எப்படி ஒன்றோடொன்று நிற்கின்றன என்பதை அங்கேதான் கற்றார். திருவனந்தபுரத்துக்கு வரும்போது வயது ஐம்பது தாண்டிவிட்டது. அவர் பெயர் சொல்லும் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை. 1989-இல் இந்தியக் குடியுரிமை, 1990-இல் பத்மஸ்ரீ, 2007-இல் மறைவு. ஒப்பந்தக்காரரை நடுவில் வைக்காமல், கொத்தனார்களோடு தாமே நின்று கட்டியவர். இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், என் வழக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நம் பொறியாளர்கள் அலுவலகச் சுவரில் மூன்று படங்கள். பேக்கர், கட்டடக்கலையின் மிக உயர்ந்த பரிசான பிரிட்ஸ்கர் பரிசை 2018-இல் பெற்ற முதல் இந்தியரான பாலகிருஷ்ண தோஷி, 2022-இல் அதே பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் பிரான்சிஸ் கெரே. தோஷி பாரிஸில் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லே கார்பூசியரிடம் வேலை கற்றவர். இந்தூரில் ஏழைகளுக்காக அவர் வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பில் அடித்தளமும் கழிப்பறையும் போட்டுக் கொடுத்துவிட்டு, மீதியைக் காசு சேரச் சேர அந்தந்தக் குடும்பமே கட்டிக்கொள்ளலாம் என்று விட்டார். எங்கள் ஊரில் வளைகுடாப் பணத்தில் எழுந்த பாதி வீடுகள் அப்படிக் கட்டியவைதான், பரிசுதான் யாரும் கொடுக்கவில்லை. வள்ளுவர் சிலையை 133 அடிக்கு நிறுத்திய கணபதி ஸ்தபதியின் படம் ஏன் இல்லை என்று கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேலைக்கு வருகிறேன். சுவர் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விலாப்புறமாக நிறுத்தி, இரண்டு வரிசைக்கும் நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டு, இடையிடையே ஒரு கல்லைக் குறுக்கே போட்டுப் பூட்டுவது. ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். உள்ளே நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். அனுப்பிய கொத்தனார் இளவயதில் திருவனந்தபுரத்தில் இந்த வேலைக்குக் கையாளாக நின்றவர். அவர் கையில் ஒரு மரப்பட்டி எப்போதும் இருந்தது. வெற்றிடத்தின் மேல் பட்டியை வைத்து, இரண்டு பக்கமும் கலவையைப் போட்டு, கரண்டியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பட்டியை எடுப்பார். குழிக்குள் ஒரு துளி விழாது.

“பட்டி இல்லாமல் போட்டால் என்ன அண்ணே?” என்று கேட்டேன்.

“சாந்து உள்ளே போய் அடைக்கும் மக்களே. பிறகு காற்றுக்குப் பதிலாகச் சிமெண்டுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.”

இந்த மனிதருக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம். தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தால் நூல் பிசகவில்லை. வார்த்த கூரையும் நன்றாக வந்தது. அடுக்களையில் இருந்து இறக்கிய பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கம்பிக் கட்டங்களுக்கு நடுவே வைத்து வார்த்தார்கள். கூரையின் அடிப்பாகத்தில் பாரத்தைத் தாங்குவது கம்பிதான், அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலையில்லை; அந்த இடத்தை ஓடு நிரப்புகிறது. அண்ணாந்து பார்த்தால் மாமி எழுபது ஆண்டு அடுப்புப் புகை படிய வைத்த அதே ஓடு. மார்ச் மாத உச்சி வெயிலிலும் அறைக்குள் மின்விசிறியை இரண்டில் வைத்தால் போதுமாக இருந்தது.

இனி குறை. சதுர அடிக்கு 1,900 ரூபாய் என்று பேசி, கணக்கு முடிந்தபோது 2,140 ஆனது. பாதிக்குக் காரணம் மின்குழாய். பூசாத சுவரில் சுவிட்ச் பெட்டி எங்கே வரும் என்பதைக் கல் வைக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். மேற்பார்வையாளர் வாரத்துக்கு ஒரு நாள் வந்து, மீதி நாள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னார். படத்தில் குழாய் தெரியவில்லை. இரண்டு இடத்தில் சுவரை வெட்டி மறுபடி கட்டினார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். இறவாரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. வரைபடத்தில் இரண்டரை அடி நீண்டிருந்த கூரை விளிம்பு, வார்க்கும்போது ஒரு முழமாகிவிட்டது. பலகையும் கம்பியும் மிச்சம், பார்க்கவும் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தார்களாம். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூன் மழை இங்கே செங்குத்தாகப் பெய்வதில்லை, கடல்காற்றோடு சாய்ந்து வந்து மேற்குச் சுவரில் அறைகிறது. நான்காம் நாள் காலையில் உள்சுவரைத் தடவிப் பார்த்தேன். சுவர் முழுக்க ஈரம் இல்லை. குறுக்குக் கல் வரும் இடங்களில் மட்டும், சதுரங்கக் கட்டம் போல, கருத்த ஈரத் திட்டுகள். வெற்றிடம் தண்ணீரைத் தடுக்கிறது, குறுக்குக் கல் பாலம் போட்டு உள்ளே கூட்டி வருகிறது.

அலுவலகத்துக்கே போனேன். “மேடம், பேக்கர் வீடுகளில் இப்படிக் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும்” என்றார் ஒரு தம்பி. பத்மநாபபுரம் அரண்மனை இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தானே, அங்கே போய்க் கூரை எவ்வளவு தாழ்ந்து சுவரைத் தாண்டி நிற்கிறது என்று பார்த்தீர்களா என்றேன். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாள் போகலாம் என்றும் சொன்னேன். பிறகு அவர்கள் தலைக்கு மேலே இருந்த கெரே படத்தைக் காட்டினேன். அதில் அவரோடு தெரிவது, மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோ நாட்டில் தன் ஊரான காண்டோவில் 2001-இல், படிப்பை முடிக்கும் முன்பே, ஊர்க்காரர்களைக் கூட்டி அவர் கட்டிய பள்ளிக்கூடம். சுவர் மண்கல். அதற்கு மேல், காற்றுப் போக இடம்விட்டுத் தூக்கி நிறுத்திய தகரக் கூரை, சுவரைத் தாண்டி அகலமாக நீண்டிருக்கிறது. மழை மண்சுவரைத் தொடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நீளம். “இதைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே தம்பி உட்கார்ந்திருக்கிறீர்கள்?”

தம்பி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு படத்தைப் பார்த்தார். உண்மையிலேயே அப்போதுதான் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. மறு வாரம் மூவரும் சேர்ந்து வந்து அளவெடுத்தார்கள். மேற்கில் இரும்புத் தாங்கி அடித்து ஓடு வேய்ந்து தருவதாகவும், கூலி அவர்களுடையது, பொருள் என்னுடையது என்றும் பேச்சு. மழுப்பாமல் ஒப்புக்கொண்டதற்காக அரை நட்சத்திரம் கூட்டினேன், அதுதான் அந்த மூன்றரையில் உள்ள அரை.

இவர்களிடம் கட்டப் போகிறவர்கள் மரப்பட்டி வைத்திருக்கும் அந்தக் கொத்தனார் வருவாரா என்று முதலில் கேளுங்கள். சுவிட்ச் பெட்டிகளை அஸ்திவாரம் போடும் நாளிலேயே காகிதத்தில் குறித்துக் கொடுங்கள். வார்ப்புக்கு முதல் நாள் மாலை அளவுநாடாவோடு நீங்களே ஏணியில் ஏறுங்கள். 61 வயதில் நான் ஏறாமல் விட்டது என் தப்பு.

தாங்கி இன்னும் வரவில்லை. மேற்குச் சுவரில் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வரும், அந்தப் பக்கம் வராந்தா இருக்கிறது.